விழுகிற பிரேக்கரை விழ விடுங்கள்

அடிக்கடி விழுகிறது என்பதற்காக ஒரு வீட்டின் பிரேக்கரைக் கழற்றி, சுவருக்குள் ஓடும் வயரை அப்படியே விட்டுவிட்டு, அதைவிடப் பெரிய பிரேக்கரைப் பூட்டுவது பாவமான காரியம். விளங்காமல் செய்கிறவருக்கு விளக்கிச் சொல்லலாம். விளங்கிக்கொண்டே செய்கிறவர், அந்த வீட்டில் படுத்துறங்கும் உயிர்களை விலை பேசுகிறார். திருகோணமலை நகரிலும் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இது ஐந்து நிமிடத்தில் முடிகிற சில்லறை வேலையாக நடந்துகொண்டிருக்கிறது. செய்கிறவருக்கும் செய்விக்கிறவருக்கும் மனம் உறுத்துவதில்லை. உறுத்த வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். கட்டிய காலத்தில் அதற்கு நாலைந்து மின்குமிழ், இரண்டு ஃபேன், ஒரு டிவி போதுமாக இருந்தது. பிறகு ஃபிரிட்ஜ் வந்தது, தண்ணீர் மோட்டர் வந்தது, வெக்கை தாங்காமல் படுக்கையறைக்கு ஏசியும் வந்தது. ஏசிக்கென்று தனி வயர் இழுக்கவில்லை. பக்கத்தில் இருந்த பிளக்கிலிருந்தே கரண்ட் கொடுத்தார்கள். அந்தப் பிளக்கோ முன்பு யாரோ லைட் வயரிலிருந்து எடுத்தது. பிரேக்கர் விழத் தொடங்குகிறது.

“தம்பி, இது விழுந்து விழுந்து உயிரை எடுக்குது. பெரிசா ஒண்டைப் போட்டு விடுங்கோவன்” என்கிறார் வீட்டுக்கார அம்மா. “சரி அக்கா, இனி விழாது” என்கிறார் வேலைக்கு வந்தவர்.

அவர் சொன்னபடியே பிறகு விழுவதில்லை. பிரேக்கர்கள் வரிசையாக இருக்கும் அந்த வீட்டு டி.பி. பெட்டியைச் சில காலம் கழித்துத் திறந்து பார்த்தால் நடந்தது தெரியும். வரிசையில் ஒரு பிரேக்கர் மட்டும் வேறு கம்பனி. முகப்பில் 32 அம்பியர் என்று போட்டிருக்கும். அதன் அடியில் நுழைவதோ பழைய ஒற்றைக்கம்பி லைட் வயர். திருகாணிக்கு அருகே அதன் மேலுறை பழுப்பேறி, விறைத்து, நகம் பட்டாலே உதிரும். பெட்டிக்குள் கருகிய பிளாஸ்டிக் மணம் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்த அங்குலத்தில் இந்த நிலை என்றால், சீலிங்குக்கு மேலேயும் சாந்துக்கு உள்ளேயும் ஓடுகிற மீதி வயரின் நிலையை யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பிரேக்கர் என்பது ஏசியையோ ஃபிரிட்ஜையோ காப்பாற்ற வைக்கும் சாமான் என்றே பலர் நினைக்கிறார்கள். அது முதன்மையாகக் காப்பது வயரை. 1924 இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டொட்ஸின் நிறுவனம் இன்று நாம் காணும் சிறு பிரேக்கரின் மூல வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றபோதும், அதற்கு முன் பியூஸ் கம்பி மட்டும் இருந்த காலத்திலும், நோக்கம் ஒன்றுதான். வயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால், வயர் கருகுவதற்கு முன் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். ஆகவே கணக்கு எளிமையானது. சுமையை விடப் பிரேக்கர் சிறிதாக இருக்கக்கூடாது. வயரின் தாங்குதிறனை விடப் பிரேக்கர் பெரிதாக இருக்கவே கூடாது.

நமது ஹார்ட்வெயர் கடைகளில் வயரைக் கேட்டு வாங்கும் முறையிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. 1/1.13 என்றால் 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு செப்புக் கம்பி. குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீற்றர். லைட்டுக்கு உரிய வயர் இது, பொருத்தமான பிரேக்கர் 6 அம்பியர். 7/0.67 என்றால் 0.67 மில்லிமீற்றர் கம்பிகள் ஏழு சேர்ந்தது, 2.5 சதுர மில்லிமீற்றர். பிளக்குகளுக்குத் தனி வரியாக ஓடினால் 16 அம்பியர், நிலைமை இடம்கொடுத்தால் 20. 7/1.04 என்பது 6 சதுர மில்லிமீற்றர். 32 அம்பியரைத் தாங்கவல்லது. இவற்றை மனதில் வைத்திருக்கப் பட்டம் தேவையில்லை. வயர் வேலை செய்கிறவர் எவரும் இதை அறியாதவராக இருக்க முடியாது.

இப்போது முன் சொன்ன வீட்டுக்கு வருவோம். குழாய்க்குள் சுவரில் ஓடும் 1/1.13 வயர் நல்ல நிலைமையில் ஏறத்தாழ 13 அம்பியர் தாங்கும். சர்வதேச நியமத்தின்படி, ஒரு பிரேக்கர் தன் மேல் எழுதியிருக்கும் அளவின் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதாவது 32 அம்பியர் பிரேக்கர் 36 அம்பியரை மணிக்கணக்கில் விடும். அது பழுதில்லை, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். வயரில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. 13 தாங்கும் வயரில் 36 ஓடினால் ஏழு மடங்குக்கு மேல். 70 பாகை செல்சியஸ் வரை தாங்குவதற்கென்று செய்யப்பட்ட பி.வி.சி. மேலுறை அந்தச் சூட்டில் இளகும், கருகும், ஐதரசன் குளோரைட்டுப் புகையைக் கக்கும். அந்நேரம் பிரேக்கர் தன் அளவுக்குள் எல்லாம் சரி என்று நிமிர்ந்து நிற்கும்.

நம் ஊரின் வெப்பம் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. வயர்களின் தாங்குதிறன் அட்டவணைகள் 30 பாகைச் சூழலுக்கு எழுதப்பட்டவை. மே, ஜூன் மாதங்களில் திருகோணமலையின் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டிப் போகும் நாட்கள் உண்டு. தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையே அது இன்னும் ஏறும். அங்கே 45 பாகை என்று வைத்துக்கொண்டால், 24 அம்பியர் தாங்க வேண்டிய 7/0.67 வயரின் திறன் 19 ஆகக் குறைகிறது. அட்டவணையைப் பார்த்து 20 அம்பியர் பிரேக்கர் பூட்டியவருக்குக் கூட இங்கே கணக்குத் தப்பும். ஒரே குழாய்க்குள் இரண்டு மூன்று வரிகளைத் திணித்தால் மேலும் குறையும். கடற்காற்றின் உப்பு பெட்டிக்குள் புகுந்து திருகாணிகளில் பச்சை பூத்தால், அந்த இணைப்பே தனியாகச் சூடேறும். கடற்கரை ஊரில் வயரிங் செய்கிறவர் மற்ற ஊர்க்காரரை விடக் கூடுதல் கவனத்தோடு இருக்கக் கடமைப்பட்டவர். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். “எங்கட வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்குது, பயமில்லை” என்பார்கள். ட்ரிப் சுவிட்ச் விலைமதிப்பற்ற சாதனம். உயிர்க்கம்பியில் போன மின்னோட்டத்தில் 30 மில்லி அம்பியர் அளவு குறைந்து திரும்பினாலே, அது மனித உடல் வழியாகக் கசிகிறதோ என்று கருதிக் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். ஆனால் வயர் அளவுக்கு மீறிச் சூடாவதை அது அறியாது. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை, வயர் உருகினாலும் அது அசையாது. அதிலே 40, 63 என்று எழுதியிருப்பது அது தாங்கும் அளவு. வயருக்கு அது தரும் காவல் என்று யாரும் வாசிக்கக்கூடாது. சுமை மீறலைத் தடுக்கப் பிரேக்கர் ஒன்றுதான் உண்டு. அதையும் பெரிதாக்கிவிட்டால் வீட்டில் வேறு காவல் இல்லை.

இந்த மாவட்டத்து வீடுகள் இந்த நிலைக்கு வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரத்தை வழித்துக்கொண்டு போனது. 2006 இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் போரில் இடம்பெயர்ந்தார்கள். சம்பூர் மக்களில் பலர் பத்தாண்டு காத்திருந்தே சொந்த மண்ணை மிதித்தார்கள். பிறகு கிடைத்த வீடுகள் உதவிப் பணத்தில் எழுந்த வீடுகள். கிழக்கிலும் நடைமுறையான இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அந்தத் தொகையில் கூரை போட்டு, கதவு போட்டு, கடைசியில் மிஞ்சியதில் தான் வயரிங். அறைக்கு ஒரு லைட், ஒரு பிளக் என்று முடித்தவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

அதன்மேல் வந்தது 2021 நவம்பர், டிசம்பர். நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்துத் தீப்பற்றின. சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியிருக்கிறது என்ற செய்தி மக்களைக் கொதிக்க வைத்தது. 2022 இல் காஸ் கிடைக்காமல் வரிசையில் நின்றோம். முடிந்தவர்கள் மின்அடுப்புக்கு மாறினார்கள். 2000 வாட்ஸ் மின்அடுப்பு 8.7 அம்பியர் இழுக்கும். அதே அளவு கேத்தல் இன்னொரு 8.7, ஆயிரம் வாட்ஸ் அயன் 4.3, சோறு வேகும் குக்கர் 3. காலை ஆறரைக்கு, பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரத்தில், இவை நான்கும் ஒரே வரியில் ஓடினால் 24 அம்பியருக்கு மேல். 16 அம்பியர் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? அது விழுவது குறைபாடு அல்ல. அந்த வீட்டுக்கு அது செய்யும் கடமை.

காஸ் விடயத்தில் அன்று நாடு கேட்ட கேள்வி நினைவிருக்கும். கலவையை மாற்றிவிட்டு எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். நியாயமான கேள்வி. அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். வாடகைக்கு வருகிற குடும்பத்திடம், நிலாவெளி விடுதிக்கு வந்து ஒரு இரவு தங்குகிற விருந்தினரிடம், வீட்டை விலைக்கு வாங்குகிறவரிடம், பெட்டிக்குள் வயருக்குப் பொருந்தாத பிரேக்கர் இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? பெரிய பிரேக்கர் போட்டு மிச்சம் பிடிக்கிறவர் ஒருவர். அதன் ஆபத்தைச் சுமக்கிறவர் வேறொருவர். இது கைத்தவறு என்ற எல்லையைக் கடந்து அநீதி ஆவது இந்த இடத்தில்தான்.

ஆகவே பொறுப்பைப் பிரித்தே சொல்ல வேண்டும்.

முதற்பொறுப்பு வேலை செய்கிறவருடையது. வயரின் தடிப்பைத் தொட்டுப் பார்த்தே அறியக்கூடியவர் அவர் ஒருவர்தான். “நான் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான்” என்பது எந்தத் தொழிலிலும் தப்பும் வழிதான். மோட்டர் தொடங்கும் கணத்தில் பிரேக்கர் விழுந்தால் அதற்கும் முறையான தீர்வு உண்டு. அதே அம்பியரில், தொடக்க இழுவையைப் பொறுக்கும் ‘சி’ வகைப் பிரேக்கரை, எர்த் இணைப்பைச் சோதித்தபின் பூட்டலாம். ஏசிக்குப் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்கலாம். பெரிய பிரேக்கர்தான் வேண்டும் என்றால் முதலில் வயரைப் பெரிதாக்க வேண்டும். பிரித்தானிய முறையைப் பின்பற்றி 7/0.67 வயரை வட்டமாக ஓட்டி, இரு முனையையும் 32 அம்பியர் பிரேக்கருக்குக் கொண்டுவந்த வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். சுமையை இரு பாதைகள் பங்கிடுவதால் மட்டுமே அந்த 32 பொருந்துகிறது. ஒரு பிளக்கை இடம்மாற்றும்போது அந்த வட்டத்தை வெட்டி, இணைக்காமல் விட்டால், மீதிப் பாதி வயர் தனியாக 32 அம்பியருக்கு முகங்கொடுக்க நேரும். எல்லாப் பிளக்கும் வேலை செய்யும், வீட்டுக்காரர் அறியமாட்டார். செய்தவர் அறிவார்.

இரண்டாவது பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது, அதிலும் வாடகை வாங்குகிறவருடையது. ஏப்ரல் தொடங்கிச் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் நிறைந்திருக்கின்றன. அறைக்கு ஓர் ஏசி, ஒரு சுடுதண்ணீர் ஹீட்டர் என்று கட்டணம் வாங்குகிறவர், அதைத் தாங்கும் வயருக்குச் செலவழிக்க மனமில்லாமல் பிரேக்கரை மட்டும் மாற்றினால், அவர் விருந்தினரை ஏமாற்றுகிறார். மூன்றாவது, கடைக்காரர். பழைய பிரேக்கரைக் கையில் கொண்டுவந்து “இதைவிடப் பெரிசு” என்று கேட்கிறவரிடம், வயர் என்ன அளவு என்ற ஒரு கேள்வி கேட்க அவருக்கு அரை நிமிடம் போதும்.

நான்காவது, அரசு. புதிய இணைப்புக் கேட்கும்போது வயரிங்கைச் சோதித்த சான்று வேண்டும் என்கிறார்கள். அதன்பின் மீற்றருக்கு உள்ளே நடப்பது உரிமையாளர் பாடு. இருபது, முப்பது ஆண்டுகளில் சுமை பல மடங்கானாலும் மறுபடி யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, மின்னிணைப்பாளர்களுக்குத் தேசியத் தொழில் தகைமையும் உரிமமும் வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறது. கொழும்பில் சொல்லப்படுவது கிண்ணியாவின், குச்சவெளியின் வாசற்படி வரை வரவேண்டும். தம் மொழியில் பயிற்சியும் பரீட்சையும் இங்கேயே கிடைத்தால் நம் இளைஞர்கள் எழுதித் தேறுவார்கள். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பிரித்து வெவ்வேறு நிறுவனங்களிடம் ஒப்படைக்க வழிசெய்தது. பிரிக்கிறவர்கள், வீட்டுக்குள் இருக்கும் வயரிங்கின் பாதுகாப்பு யார் கையில் என்பதையும் எழுதிவைக்கட்டும்.

சிறு அலட்சியத்துக்கு இத்தனை பேரைக் கூண்டில் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு டில்லியின் உப்கார் திரையரங்கை நினைவூட்டுகிறோம். 1997 ஜூன் 13 காலையில் அங்கே ட்ரான்ஸ்ஃபோர்மர் பழுதானது. ஊழியர்கள் வந்து அவசரமாகச் சரிசெய்தார்கள். ஓர் இணைப்பு தளர்வாக நின்றது. மின்சாரத்தைத் தானே துண்டித்திருக்க வேண்டிய பாதுகாப்பு ரிலே அங்கே இருக்கவில்லை. மாலையில் தீ. மூச்சுத்திணறி 59 பேர் மாண்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. திரையரங்கு உரிமையாளர்கள் மட்டுமல்ல, பழுதுபார்க்க வந்த மின்துறையினரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். நமது தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவும் அசட்டையால் உயிரிழப்பு விளைவிப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. மனச்சாட்சிக்கோ, தீ மூளும் வரை காத்திருக்க அவசியமில்லை.

மின்சாரம் என்றாலே திருகோணமலையில் நமக்குப் பெரிய பேச்சுத்தான். சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வருமா என்று ஆண்டுகளாக வாதிட்டோம். 2016 இல் அது கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் இட்டார்கள். சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் யாருக்கு என்று இன்றும் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். ஆனால் அந்த மின்சாரம் கடைசியில் வந்து சேரும் இடம் ஓர் அறையில், ஒரு பிள்ளையின் தலைமாட்டில் உள்ள பிளக். அங்கே அது பாதுகாப்பாக வந்து சேர்கிறதா என்று கேட்காத அரசியலும் இதழியலும் தம் வேலையை அரைகுறையாகவே செய்கின்றன.

“வயர் மாற்றப் பணமில்லை” என்பவரின் குரலை நாம் தட்டிவிடவில்லை. 2022 இன் நெருக்கடியும் அதன்பின் வந்த மின்கட்டண உயர்வும் குடும்பங்களை முறித்துப் போட்டன. ஆனால் பணமில்லாதவருக்கும் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சரியான அளவுப் பிரேக்கரை அப்படியே விட்டுவிட்டு, கேத்தல் கொதித்து முடிந்தபின் அயனைப் போடுவது. அது தொல்லைதான். பெரிய பிரேக்கர் வாங்குவதற்கும் காசு வேண்டும். அந்தக் காசைச் செலவழித்து ஆபத்தை வாங்குவதை விட இந்தத் தொல்லை மேல். ஏசி வாங்கக் கூடியவருக்கோ இந்தச் சாக்கு அறவே பொருந்தாது. ஏசிக்குக் கொடுத்த விலையோடு, அதற்குரிய வயரின் விலையும் சேர்ந்ததுதான் அதன் உண்மையான விலை.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. ஒவ்வொரு டி.பி. பெட்டி மூடியின் உட்புறத்திலும் எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு, அதன் வயர் என்ன அளவு, கடைசியாகக் கைவைத்தவர் யார், எந்தத் திகதி என்று தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். வாடகை உடன்படிக்கையில் வயரிங் சோதனைத் திகதி ஒரு வரியாக இடம்பெற வேண்டும். விடுதிகளுக்கு வியாபார அனுமதியைப் புதுப்பிக்கும்போது உள்ளூராட்சி சபைகள் மின்சோதனைச் சான்று கேட்க வேண்டும். பாடசாலைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் தம் பெட்டிகளை இந்த ஆண்டே திறந்து பார்க்க வேண்டும். திருவிழாவுக்குத் தற்காலிக வயர் இழுப்பவர்களை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வயரை மாற்றாமல் பிரேக்கரைப் பெரிதாக்க மாட்டேன் என்று மறுக்கிற மின்னிணைப்பாளரை இந்த ஊர் ஆதரிக்க வேண்டும். அவர் கேட்கும் கூலி கூடுதலாக இருக்கலாம், வேலை ஒரு நாள் நீளலாம், சுவரை உடைக்க நேரலாம். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறவரை அழைக்கும் வீட்டுக்காரர், பின்னால் வருவதற்கு விதியைப் பழிக்க முடியாது. அந்தக் குற்றத்தில் அவரும் பங்காளி.